தாடை வலி: ஆபரேஷனா, மாத்திரையா?



"டீச்சர், தாடைக்கு ஆபரேஷன் முடிஞ்சுதா?" என்று பலரும் போனில் கேட்கிறீர்கள். அதிகம் பேசினால் வலிக்கிறது. அதனால் எல்லோருக்குமாக இங்கே எழுதிவிடுகிறேன். ஆபரேஷன் செய்துகொள்ளவில்லை. இப்போதைக்கு வேண்டாம் என்று முடிவெடுத்திருக்கிறேன். அதற்கான காரணங்கள், இதே வலியோடு இருப்பவர்களுக்கு உதவலாம்.

காதுக்குச் சற்று முன்னால் விரலை வைத்து வாயைத் திறந்து மூடிப் பாருங்கள். அங்கே அசைவதுதான் தாடை மூட்டு. முழங்கை போல வெறும் கீல் மூட்டு அல்ல அது. வாயை அகலத் திறந்தால் எலும்பின் முனை முன்பக்கம் வழுக்கியும் வரும். நடுவில் மெத்தை போல ஒரு மெல்லிய தட்டு. அது விலகினால் 'டக்' என்று சத்தம் கேட்கும். வலி இல்லாத வெறும் சத்தத்துக்கு வைத்தியம் தேவையில்லை.

எனக்கு இரண்டு வருடமாக வலி. முதலில் முறுக்கை விட்டேன், பிறகு கரும்பு, சப்பாத்தி. பேத்திக்குக் கதை சொல்வது பாதியில் நின்றபோதுதான் மனசு விட்டுப்போனது. "ஒரேயடியாக ஆபரேஷன் செய்துவிடலாம்மா" என்றாள் மகள். "மாத்திரையிலேயே ஓட்டலாம்" என்றான் மகன்.

மாத்திரையிலும் கணக்கு உண்டு. வலி மாத்திரையை மாதக்கணக்கில் தினமும் போட்டால் வயிறும் சிறுநீரகமும் பாதிக்கப்படலாம். எனக்கு ஏற்கெனவே பிரஷர், அதுவும் ஏறும். இரவில் குறைந்த அளவில் தரும் அமிட்ரிப்டிலின் நாள்பட்ட வலியைத் தணிக்கும். ஆனால் வாய் வறளும், தூக்கக் கலக்கத்தில் எழுந்தால் என் வயதில் விழுந்துவிடும் ஆபத்தும் உண்டு.

ஆபரேஷனிலும் படிகள் உண்டு. ஊசி வழியாக உப்புநீரால் மூட்டைக் கழுவுவது, சிறு துளை வழியாகக் கேமரா விட்டுச் சரிசெய்வது, மூட்டைத் திறந்து செய்வது, கடைசியாகச் செயற்கை மூட்டு. முகத்தை அசைக்கும் நரம்பு பக்கத்திலேயே ஓடுவதால் திறந்து செய்வதில் கவனம் வேண்டும். 1980களில் அமெரிக்காவில் டெஃப்லான் கலந்த தட்டுகளைப் பலருக்குப் பொருத்தினார்கள். அவை உதிர்ந்து எலும்பையே அரித்ததால் பின்னர் திரும்பப் பெறப்பட்டன. இன்றைய செயற்கை மூட்டுகள் வேறு பொருளால் ஆனவை. ஆனாலும் வெட்டி எடுத்ததைத் திரும்ப ஒட்ட முடியாது.

டாக்டரிடம் ஒரே கேள்வி கேட்டேன்: "என் வலி மூட்டிலிருந்து வருகிறதா, தசையிலிருந்தா?" அவர் கன்னத்துத் தசையை அழுத்தியதும் துடித்துவிட்டேன். எம்.ஆர்.ஐ.யில் தட்டு விலகியிருந்தது உண்மை. ஆனால் வலியே இல்லாத பலருக்கும் அப்படி இருக்குமாம். என் வாயில் மூன்று விரல்கள் தாராளமாக நுழைகின்றன. பெரும்பாலும் தசைவலி என்றார். அதற்கு மூட்டைத் திறந்து என்ன பயன்?

2023இல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் வந்த வழிகாட்டியும் நாள்பட்ட தாடை வலிக்குப் பயிற்சியாளர் மேற்பார்வையில் தாடைப் பயிற்சி, கைவழிச் சிகிச்சை, மனப்பயிற்சி ஆகியவற்றையே முன்னிறுத்துகிறது. தட்டை வெட்டி எடுப்பதை வேண்டாம் என்கிறது.

இப்போது குழைந்த சாதம், வெந்நீர் ஒத்தடம், பிசியோதெரபிஸ்ட் சொன்ன பயிற்சி, ஈ.சி.ஜி. பார்த்த பிறகு இரவில் ஒரு சின்ன மாத்திரை. வாய் சும்மா இருக்கும்போது மேல்பல்லும் கீழ்ப்பல்லும் தொடக் கூடாது என்பதும் ஒரு பயிற்சி. மூன்று மாதத்தில் வலி பாதியாகியிருக்கிறது. முழுதாகப் போகவில்லை. வாய் திறப்பது இரண்டு விரலுக்குக் குறைந்தாலோ, சாப்பிட முடியாமல் எடை இறங்கினாலோ ஆபரேஷனைப் பற்றி மறுபடி பேசுவோம் என்று டாக்டரும் நானும் ஒப்புக்கொண்டிருக்கிறோம்.

பெரியவர்களுக்கு ஒரு வார்த்தை. தாடை வலியோடு நெஞ்சு பாரமும் வியர்வையும் வந்தால் உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். ஐம்பதைத் தாண்டியவர்களுக்கு மெல்லும்போது வலி, புதிதாகத் தலைவலி, பார்வை மங்கல் சேர்ந்து வந்தாலும் அன்றைக்கே காட்டுங்கள். அவை வேறு நோய்கள், காத்திருக்காது.

என் மாத்திரையை நீங்கள் வாங்கிப் போடாதீர்கள். என் கேள்வியை மட்டும் உங்கள் டாக்டரிடம் கேளுங்கள்.

அன்புடன்,
உங்கள் டீச்சர்