ஏரிக்கரை நடை மட்டும் போதுமா?

ஆவடி பருத்திப்பட்டு ஏரி நடைபாதையில் விடிகாலையிலேயே கூட்டம் சேர்ந்துவிடுகிறது. கழுத்தில் துண்டு, கையில் தண்ணீர் பாட்டில், பேச்சோடு பேச்சாக வேக நடை. பலருக்கு ஐம்பது வயது தாண்டியிருக்கும். அம்பத்தூர் மாடி ஜிம்களிலோ இளைஞர்கள் டம்பெல்லை விடுவதில்லை, டிரெட்மில் பக்கம் போவதுமில்லை.

இரண்டு தரப்புக்கும் பாதிப் பலன்தான்.

உலக சுகாதார நிறுவனம் 2020-ல் சொன்னது இரண்டையும் சேர்த்துத்தான்: வாரத்துக்கு 150 முதல் 300 நிமிடம் மிதமான நடை போன்ற பயிற்சி, கூடவே குறைந்தது 2 நாள் தசைக்கான பயிற்சி. சாப்பிட்ட பிறகு ரத்தத்தில் ஏறும் சர்க்கரையில் பெரும்பங்கை வாங்கிக்கொள்வது தசைதான். பத்துக் கோடிப் பேருக்குச் சர்க்கரை நோய் உள்ள நாட்டில் இது சின்ன விஷயமில்லை.

'ஓடினால் தசை கரைந்துவிடும்' என்ற பயத்துக்கும் ஒரு வேர் உண்டு. 1980-ல் ஆய்வாளர் ராபர்ட் ஹிக்சன் 10 வார ஆய்வு நடத்தினார். எடைப் பயிற்சியையும் ஓட்டம் போன்ற பயிற்சியையும் சேர்த்துச் செய்தவர்களின் வலு முதலில் கூடியது, கடைசி வாரங்களில் சரிந்தது. ஆனால் அவர்கள் வாரம் 5 நாள் எடை தூக்கி, 6 நாள் கடுமையாக ஓடி, சைக்கிள் மிதித்தவர்கள்! அம்பத்தூர் தொழிற்பேட்டையில் ஷிப்ட் முடித்து வருகிறவருக்கு அந்தக் கவலையே வேண்டாம். ஒரே நாளில் இரண்டும் என்றால், வலு கூட விரும்புகிறவர் முதலில் எடை தூக்கட்டும், பிறகு நடக்கட்டும்.

அம்மாவை ஏரிக்கு அழைத்துப் போகிறவர்களே, வாரம் இரண்டு நாளாவது நாற்காலியில் உட்கார்ந்து எழும் பயிற்சியையும் செய்ய வையுங்கள். முழங்கால் வலி இருந்தால் டாக்டரைக் கேட்டுவிட்டுத் தொடங்குங்கள்.