எட்டுத் திசைக் கோடு

பாட்டிக்குக் கை நடுங்க ஆரம்பித்தபோது நான் இன்ஜினியரிங் மூன்றாம் ஆண்டு. மயிலாப்பூரில் எங்கள் வாசல் கோலம் சுருங்கிச் சுருங்கி, ஒருநாள் நாலு கோடாகிவிட்டது. பாட்டியின் கோல நோட்டில் இருப்பதையெல்லாம் கம்ப்யூட்டரில் வரைந்து காட்டலாம் என்று தோன்றியது. கிராஃபிக்ஸ் லேபுக்கும் ஒரு ப்ராஜெக்ட் ஆச்சு.

கோடு போட ப்ரெசன்ஹாம் அல்காரிதம். நெட்டில் முதலில் கிடைத்த ப்ரோக்ராமை அப்படியே எடுத்துப் போட்டேன். படுத்த கோடுகள் ஒழுங்காக வந்தன. நெட்டுக்குத்தாக ஏற வேண்டியவை 45 டிகிரியில் சாய்ந்து, புள்ளியைத் தொடாமல் பாதியில் நின்றன. பாட்டியின் நட்சத்திரக் கோலம் நொண்டியது. இன்னும் பத்து இடத்தில் தேடினேன். பத்திலும் அதே வரிகள், அதே விளக்கம். வைவாவில், "ஏன் இப்படிச் சாயுது?" என்று கேட்டார்கள். முழித்தேன்.

அன்று சாயங்காலம் கோட்டூர்புரம் அண்ணா நூற்றாண்டு நூலகத்துக்குப் போய், ஒரு தடித்த கிராஃபிக்ஸ் புத்தகத்தின் கடைசிப் பக்கங்களைப் புரட்டினேன். நான் எப்போதும் தாண்டிப்போகும் மேற்கோள் பட்டியல். அதில் இருந்தது அந்த மூலக் கட்டுரை: ஜாக் ப்ரெசன்ஹாம், ஐபிஎம் சிஸ்டம்ஸ் ஜர்னல், 1965.

தேடி எடுத்தேன். ஆறே பக்கம். அது திரைக்காக எழுதியதே இல்லை. காகிதத்தில் பேனாவால் வரையும் ப்ளாட்டருக்கானது. அந்தப் பேனா ஒரு தடவைக்கு ஓர் அடிதான் வைக்கும், அதுவும் எட்டுத் திசையில் மட்டும். பெருக்கல், வகுத்தல் இல்லாமல், கூட்டிக் கழித்தே அடுத்த அடியை முடிவு செய்யணும். எட்டுத் திசைக்கும் அதிலேயே வழி இருந்தது. நான் காப்பியடித்தது எட்டில் ஒரு பங்கை.

அன்றிலிருந்து எந்த அல்காரிதத்தைத் தேடினாலும் மூன்று கேள்வி கேட்கிறேன். யாருக்கு என்ன சிக்கல் வந்து இதை எழுதினார்? எங்கே இது வேலை செய்யாது? கிராஃப் தாளில் நானே கையால் போட்டுப் பார்க்கிற அளவுக்குச் சொல்லியிருக்கிறதா? மூன்றுக்கும் பதில் சொல்கிற இடத்தில்தான் உட்கார்ந்து படிக்கிறேன்.

இப்படித் தேடும்போதுதான் இன்னொன்றும் கிடைத்தது. கிஃப்ட் சிரோமணி, ராணி சிரோமணி, கமலா கிருத்திவாசன் மூவரும் 1974-இல் ஒரு கிராஃபிக்ஸ் ஆய்விதழில் எழுதிய கட்டுரை. கோலத்துக்கு இலக்கண விதிகள்! கிஃப்ட் சிரோமணி நம்ம தாம்பரம் கிறித்தவக் கல்லூரிக்காரர். எலெக்ட்ரிக் ட்ரெய்ன் போகிற தூரத்தில் இருந்த வேலை, எனக்கு இவ்வளவு சுற்றி வந்து சேர்ந்தது.

நட்சத்திரம் சரியாக வந்த அன்று லேப்டாப்பைப் பாட்டி மடியில் வைத்தேன். விரலால் திரையில் ஒவ்வொரு கோடாகத் தொட்டுப் பார்த்தாள்.

"யாருகிட்டடா கத்துக்கிட்ட?"

ப்ரெசன்ஹாம் பெயரைச் சொன்னேன். சிரித்தாள். அப்போதுதான் எனக்கு உறைத்தது, அதே கேள்வியை அவளிடம் நான் கேட்டதே இல்லை.

"இந்தக் கோலம் யாரு சொல்லிக்குடுத்தது பாட்டி?"

"எங்க பெரியம்மா" என்று ஒரு பெயர் சொன்னாள். எங்கள் வீட்டில் நான் கேட்டே இராத பெயர். ப்ரோக்ராமின் முதல் வரியில், ப்ரெசன்ஹாமுக்கு மேலே, கமென்ட்டாக அதை எழுதி வைத்தேன்.