காற்றோட்டமுள்ள பெட்டி

விளையாட்டுக் கணினி என்றதும் பெற்றோர் பலருக்கும் முகம் மாறிவிடுகிறது. சைனாடவுன் அடுக்குமாடியில் வசிக்கும் என் தங்கை, பலதுறைத் தொழிற்கல்லூரியில் படிக்கும் தன் மகனுக்கு ஒரே ஒரு நிபந்தனையோடு இசைவு தந்தாள். சேமித்த பணத்தில் கணினியை அவனே பொருத்திக்கொள்ளலாம். ஆனால் அது கூடத்தில்தான் இருக்கவேண்டும்.

இந்த நிபந்தனையே எந்தப் பெட்டி வாங்குவது என்பதைப் பெரிதும் தீர்மானித்துவிட்டது. (கடைகளில் 'கேசிங்' என்கிறார்கள். 'பேழை' என்று சொல்லலாமே என்றேன், பிள்ளை சிரித்துவிட்டான்.)

இரயிலில் மூன்று நிறுத்தம் தாண்டித் தேக்காவில் இறங்கி, சிம் லிம் ஸ்குவேருக்கு நடந்தோம். அவன் மனம் வண்ண விளக்கும் முன்புறக் கண்ணாடியும் கொண்ட பெட்டியில் இருந்தது. பார்வைக்கு அழகுதான். ஆனால் கண்ணாடி வழியே காற்று புகாது. ஓரத்து இடுக்குகள்தாம் அதற்கு வழி.

"பெரியம்மா, ஃபேன் ஆறு இருக்கே!" என்றான்.

வகுப்பறை வழக்கப்படி ஒரு கணக்குப் போட்டோம். விளையாடும்போது கணினி 400 வாட் வெப்பத்தை வெளியிடுவதாகக் கொள்வோம். உள்ளே போகும் காற்று 10 டிகிரிக்கு மேல் சூடேறாமல் வெளியே வர, நொடிக்குச் சுமார் 34 லிட்டர் காற்று பெட்டிக்குள் பாயவேண்டும். நம் ஊர்க் கூடத்தில் பகலில் 30, 31 டிகிரி. குளிர்நாட்டுச் சோதனைக் கூடத்தில் 21 டிகிரியில் அளந்த எண்ணோடு இங்கே குறைந்தது ஒன்பதைக் கூட்டிக்கொள்ளவேண்டும். எத்தனை மின்விசிறி வைத்தாலும் உள்ளே வருவது அறைக் காற்றுதானே?

2020இல் வெளியான கோர்செயர் 4000டி வரிசை இதற்கு நல்ல பாடம். ஏறக்குறைய ஒரே உடல், இரண்டு முகம். ஒன்றில் மூடிய இரும்புத் தகடு. 'ஏர்ஃப்ளோ' என்னும் மற்றொன்றில் துளைகள் நிறைந்த தகடு. நாங்கள் துளைத் தகட்டையே தேர்ந்தோம். காற்று தடையின்றி வந்தால் விசிறிகள் மெல்லச் சுழன்றாலே போதும். கூடத்தில் இரைச்சலும் குறையும்.

பிறகு அளவு நாடாவை எடுத்தோம். பெட்டியின் உயரம் 466 மி.மீ.; மேசையின் அடித்தட்டில் தலைக்கு மேல் ஒரு சாண் இடம் மிஞ்சியது. கிராஃபிக்ஸ் கார்டுக்கு 360 மி.மீ. வரை இடமுண்டு, அவனுடையது 305. மதர்போர்டும் வழக்கமான ஏ.டி.எக்ஸ். அளவு, 305க்கு 244. பக்கவாட்டில் கண்ணாடிக் கதவு உண்டு என்பதில் அவனுக்கு ஓர் ஆறுதல். கழற்றும்போது அதைப் பளிங்குத் தரையில் வைக்காதே, மெத்தை மேல் வை என்றேன். உறுதியாக்கப்பட்ட கண்ணாடியானாலும் விளிம்பில் அடிபட்டால் பொடிப்பொடியாக உதிர்ந்துவிடும்.

தங்கைக்கு வேறு ஐயம். "அக்கா, வெள்ளிக்கிழமை சாம்பிராணி போடுவேனே, அதெல்லாம் உள்ளே போகாதா?" நல்ல கேள்வி. தூசிவலை பஞ்சையும் முடியையும் தடுக்கும், புகையைத் தடுக்காது. ஏழாம் மாதத்தில் கீழே எரிக்கும் தாள்களின் சாம்பலும், சமையலறைத் தாளிப்பின் எண்ணெய்ப் பிசுக்கும் வலையில் அப்பிக்கொள்ளும். துளைத் தகட்டின் குறை இதுதான்: கழுவாவிட்டால் அதுவும் மூடிய தகடாகிவிடும். ஆகவே இரு வாரத்துக்கு ஒருமுறை வலையைக் கழற்றிக் கழுவி, நன்கு உலர்த்தி மாட்டுவது அவன் பொறுப்பு. சாம்பிராணி வேளையில் கணினி அணைந்திருக்கும். அதற்கும் அவன் தலையாட்டினான், சற்று யோசித்த பிறகு.