வல்லாரை ஓடும் வழி

வல்லாரையை யாரும் நட்டதாக எனக்கு நினைவில்லை. கும்பகோணத்துக்குத் தெற்கே எங்கள் ஊரில் அநேகமாக எல்லா வீட்டுக் கிணற்றடியிலும் அது இருந்தது. துவைக்கிற கல்லிலிருந்து வாழைக்கு ஓடும் தண்ணீர், போகிற வழியில் ஒரு சாண் அகலத்துக்கு மண்ணை எப்போதும் நனைத்தே வைத்திருக்கும். வல்லாரை அந்த ஒரு சாணை விட்டு வெளியே வராது. அப்பாயி வாய்க்காலை ஒதுக்கிக்கொண்டே வருவார். அந்த இடம் வந்ததும் மண்வெட்டியைக் கீழே வைத்துவிட்டுக் கையாலேயே புல்லைப் பிடுங்குவார். வல்லாரைக்கு வீட்டில் யாராவது ஏதாவது செய்தார்கள் என்றால் அது இதுதான்.

பரீட்சை மாதம் வந்தால் மட்டும் எல்லோருக்கும் அதன்மேல் கண் விழும். அம்மா துவையல் அரைப்பாள். உளுத்தம்பருப்பும் மிளகாய் வற்றலும் வறுத்து, புளி கொஞ்சம் தாராளமாக வைத்து, இலையை எண்ணெயில் வதக்கி அரைத்தாலும் நுனிநாக்கில் ஒரு கசப்பு நிற்கும். “சாப்பிடு, படிச்சது மறக்காது” என்பாள். சரஸ்வதிக் கீரை என்றே சிலர் அதைச் சொல்வதுண்டு. இப்போது மருந்துக்கடையில் குழந்தைகள் படம் போட்ட டப்பாவில் மாத்திரையாகவும் கிடைக்கிறது. ஞாபகசக்திக்கென்று மனிதர்களிடம் நடந்த சோதனைகளைத் தொகுத்துப் பார்த்த 2017-ஆம் ஆண்டு ஆய்வுக் கட்டுரை ஒன்று, தெளிவான பலன் தெரியவில்லை என்றே முடித்தது. அதைப் படித்தபோது எனக்கு ஏமாற்றமாக இல்லை. ஒரு நல்ல கீரையைப் பரீட்சைக்கு மட்டும் என்று ஒதுக்கி வைத்ததில்தான் எனக்கு வருத்தம். புண் ஆற்றுவதில் அதற்குள்ள பெயர் வேறு வகையானது. இலையிலிருக்கும் ஏசியாட்டிகோசைடு, மேடகாசோசைடு என்ற பொருள்கள் தோலின் கொலாஜன் உருவாக உதவுகின்றன. மடகாஸ்கர் வல்லாரையிலிருந்து எடுத்த சாறு பல காலமாகக் களிம்புகளில் சேர்கிறது. கொரியாவிலிருந்து வரும் ‘சிக்கா’ கிரீம்களிலும் இருப்பது இதே கிணற்றடிச் செடிதான்.

கிணற்றடி என்று எழுதும்போதே அங்கே இப்போது என்ன இருக்கிறது என்பதும் கூடவே வருகிறது. ஆழ்துளைக் குழாய் இறக்கினோம், மோட்டார் வைத்தோம், கிணற்றைச் சுற்றிச் சிமெண்டு போட்டோம். சகதி இல்லை, வழுக்கல் இல்லை என்று எல்லோருக்கும் நிம்மதி. தண்ணீர் குழாய் வழியாக நேரே சாக்கடைக்குப் போனது. அடுத்த கோடையில் வாழை காய்ந்தது எல்லோர் கண்ணிலும் பட்டது. வல்லாரை போனது யாருக்கும் தெரியவில்லை.

அதனால்தான் சென்னை வீட்டு மொட்டைமாடியில் அதை வளர்க்கிறேன். விதை போட்டு வளர்ப்பது நம்பி இறங்க முடியாத வேலை. முளைப்பது குறைவு, வளர்வதும் மெதுவாக. வேர்விட்ட ஒரு கணு போதும். வல்லாரை ஓடிக்கொண்டே வாழும் செடி: தாய்ச்செடியிலிருந்து மெல்லிய கொடி தரையோடு தரையாகப் போகும், கணு ஈரமண்ணைத் தொட்ட இடத்தில் வேர் பிடிக்கும், அங்கே ஒரு கொத்து இலை எழும், அதிலிருந்து அடுத்த கொடி கிளம்பும். ஆகவே அதற்கு ஆழம் வேண்டாம், அகலம் வேண்டும். வாய் அகன்ற பழைய டப் ஒன்றில் அடியில் ஓட்டை போட்டு, செம்மண்ணும் கொஞ்சம் மணலும் நன்றாக மக்கிய தொழுவுரமும் கலந்து நிரப்பினால் தீர்ந்தது. மண் காயவே கூடாது. ஆனால் தண்ணீர் தேங்கி நாறவும் கூடாது. சித்திரை வெயிலில் காலையும் மாலையும் ஊற்ற வேண்டியிருக்கும்.

வெயிலைப் பற்றி அது சொல்வதை இலையிலேயே படித்துவிடலாம். முழு வெயிலில் இலை சிறுத்துத் தடிக்கும், காம்பு சிவக்கும், கசப்பு ஏறும். இருட்டு மூலையில் வைத்தால் காம்பு நீண்டு இலை மெலிந்து துவளும். காலை வெயில் பட்டு மத்தியானம் நிழல் விழும் இடம்தான் அதற்குப் பிடித்தது. ஊரில் கிணற்றடிக்கு வாழை நிழல் இருந்தது. அந்த நிழலையும் வாழையைக் கேட்காமல் அதுவே எடுத்துக்கொண்டது.

நட்ட இரண்டு மூன்று மாதத்தில் பறிக்கத் தொடங்கலாம். முற்றிய இலைகளைக் காம்போடு அடியில் கிள்ளி, நடுக்குருத்தை விட்டுவிட வேண்டும். பறிக்காமல் அழகு பார்த்தால் அடர்ந்து, அடியிலை மஞ்சளாகி, நத்தைக்குக் குடியிருப்பாகும். வருடத்துக்கு ஒருமுறை டப்பைக் கவிழ்த்து, கிழட்டு வேர்களைக் கழித்து, இளங்கொடிகளைப் புது மண்ணில் வைத்தால் போதும், வருடக்கணக்கில் வரும்.

மல்லித்தழைக்கு அந்தக் கொடுப்பினை இல்லை. அது பூத்து விதை விட்டால் ஆயுள் முடிந்தது. இரண்டும் ஒரே குடும்பம் என்பதை நான் வெகுகாலம் கழித்துத்தான் தெரிந்துகொண்டேன். சீரகம், சோம்பு, ஓமம், காரட், பெருங்காயம் எல்லாம் அதே வீட்டுப் பிள்ளைகள். நம் அஞ்சறைப் பெட்டியில் பாதி அந்தக் குடும்பம்தான். மல்லி பூத்துக் குடை விரித்து நிற்பதைப் பார்த்தவர்கள், வல்லாரையிலும் அந்தக் குடை உண்டென்றால் நம்ப மாட்டார்கள். இலைகளை விலக்கி மண்ணை ஒட்டிப் பார்க்க வேண்டும்: வெளிறிய ஊதாவில், பெரும்பாலும் மூன்றே பூ, கண்ணுக்கு எட்டியும் எட்டாமலும்.

லின்னேயஸ் 1753-இல் இதை ஹைட்ரோகோட்டைல் என்ற பேரினத்தில் வைத்தார். 1879-இல் உர்பன் என்ற ஜெர்மானியத் தாவரவியலர் அங்கிருந்து பிரித்து சென்டெல்லாவில் சேர்த்தார். அந்தப் பழைய பேரினத்துச் செடி ஒன்றை நர்சரிகளில் அழகுக்காக விற்கிறார்கள். வல்லாரை என்று சொல்லியும் விற்பதுண்டு. கண்டுபிடிப்பது சுலபம். அதில் காம்பு, தாமரை இலையில்போல, இலையின் நடுவயிற்றில் வந்து சேரும். வல்லாரையில் இலை ஒரு பக்கம் பிளந்திருக்கும். அந்தப் பிளவில்தான் காம்பு சேரும், ஓரம் வெட்டுவெட்டாக இருக்கும். வாங்குகிறவர்கள் இலையைத் திருப்பிப் பார்த்தே வாங்குங்கள்.

எங்கள் அடுக்ககத்தில் யாழ்ப்பாணத்து அக்கா ஒருவர் இருந்தார். என் டப்பைப் பார்த்த அன்று அவர் முகத்தில் வந்த வெளிச்சத்தை நான் மறக்க மாட்டேன். துவையல் செய்வேன் என்றதும் தலையை ஆட்டினார். “ஐயோ, அடுப்பில வைக்காதேங்கோ. பச்சையாத்தான் சாப்பிட வேணும்.” பொடியாக அரிந்து, தேங்காய்ப்பூ, சின்ன வெங்காயம், பச்சை மிளகாய், உப்புச் சேர்த்துப் பிசைந்து, “கடைசியாத் தேசிக்காய் விடுங்கோ” என்று அவரே எலுமிச்சையைப் பிழிந்தார். அந்த வல்லாரைச் சம்பலில் கசப்பு இருந்தது, ஆனால் அது மருந்தின் கசப்பாக இல்லை. யாழ்ப்பாணத்தில் பரீட்சைக்குக் காத்திருக்காமல் சோற்றோடு சாதாரணமாகச் சாப்பிடுகிறார்கள். கொழும்பில் காலை நேரத்தில் தெருவோரம் விற்கும் இலைக்கஞ்சியிலும் இது உண்டு. வெல்லத் துண்டைக் கடித்துக்கொண்டே குடிப்பார்கள். அந்த அக்கா இப்போது கனடாவில் மகனோடு இருக்கிறார். அங்கே பனிக்காலத்தில் வல்லாரை வெளியே நிற்காது; ஜன்னலோரம் தொட்டியில் வைத்திருப்பதாகச் சொன்னார்.

பச்சையாகச் சாப்பிடுவது என்று முடிவெடுத்தபிறகுதான் மண்ணைப் பற்றிய கவலை எனக்குக் கூடியது. வல்லாரை தான் நிற்கும் மண்ணிலும் நீரிலும் இருப்பதை உறிஞ்சி வைத்துக்கொள்ளும். ஈயம், காட்மியம் போன்ற உலோகங்களும் அதில் சேரும். அப்பாயியின் வாய்க்காலில் ஓடியது அரிசி கழுவிய தண்ணீரும் துவைத்த, குளித்த தண்ணீரும். இன்று கால்வாய் ஓரத்தில் செழித்திருக்கும் வல்லாரை எதைக் குடித்துச் செழித்தது என்று பறிக்கிறவருக்கும் தெரியாது, வாங்குகிறவருக்கும் தெரியாது. ஈரநிலத்துக் கீரை என்பதால் ஒட்டுண்ணிகளும் ஒட்டியிருக்கக்கூடும். பல தண்ணீரில் அலசாமல் பச்சையாகத் தொடக் கூடாது. அப்பாயி பிள்ளைத்தாச்சிகளுக்கு இதைக் கொடுக்க மாட்டார். மற்றவர்களுக்கும் ஒரு கைப்பிடிக்கு மேல் கிடையாது. மாத்திரையாக விழுங்கியவர்கள் சிலருக்குக் கல்லீரல் பாதித்ததாக மருத்துவ இதழ்களில் பதிவு உண்டு. அளவு தெரிந்த கை அப்பாயியுடையது.

ஆகவே என் முடிவு இதுதான்: வல்லாரை சாப்பிடுவதானால் அதன் மண்ணையும் தண்ணீரையும் நாமே கொடுத்திருக்க வேண்டும். அதற்குத் தோட்டம் வேண்டாம், கிணறும் வேண்டாம். அரிசி களைந்த தண்ணீர் ஒரு சொம்பு, பாதி நிழல், ஒரு டப். ஐப்பசி மழைக்கு முன் யாரிடமாவது வேர்விட்ட ஒரு கணு கேட்டு வாங்கி வையுங்கள்; உங்களிடம் இருந்தால், யாரும் கேட்கும்வரை காத்திருக்காமல் அடுத்த வீட்டுக்கு ஒரு கொடியை வெட்டிக் கொடுங்கள்.