இரவல் பூட்ஸ்

2016 மார்ச். 'எடி தி ஈகிள்' படம் லண்டன் தியேட்டர்களுக்கு வருவதற்குச் சில நாள் முன்பே ஒரு சிறப்புக் காட்சிக்கு எங்கள் நால்வருக்கும் டிக்கெட் கிடைத்தது. சோடாபுட்டிக் கண்ணாடி போட்ட ஒரு பையன், போகிற இடமெல்லாம் துரத்தப்பட்டு, கடைசியில் 1988 கால்கரி குளிர்கால ஒலிம்பிக்கில் பனிமேட்டிலிருந்து தாவுகிற கதை. விழாமல் அவன் தரையில் நின்ற நொடியில் தியேட்டரே கைதட்டியது. எனக்குக் கண் கலங்கிவிட்டது.

வெளியே வந்து டீ குடிக்கும்போது நண்பன் கேட்டான்: "அந்த கோச் இப்ப உயிரோட இருக்காராடா?"

அவனுடைய அப்பா கொத்தனார். எடியும் பிழைப்புக்குச் சுவர் பூசியவர்தான். அப்படிப்பட்ட ஒருவரைத் தூக்கிவிட்டது யார் என்று தெரிந்துகொள்ள அவனுக்கு அவ்வளவு ஆசை.

படத்தில் கோச்சின் பெயர் பிரான்சன் பியரி. குடியில் விழுந்த முன்னாள் வீரராக ஹியூ ஜாக்மேன் நடித்திருந்தார். அன்றிரவே தேட உட்கார்ந்தேன். பழைய செய்திகள், எடியின் பேட்டிகள், போட்டி முடிவுகள் என்று புரட்டியும் பியரி எங்குமே அகப்படவில்லை. கதைக்காகப் படைக்கப்பட்ட ஆள் என்று தெரிந்ததும் மனசு வாடிவிட்டது. அப்படியானால் எடிக்குக் கைகொடுத்தது யார்? தேடலை விட மனம் வரவில்லை.

எடியின் இயற்பெயர் மைக்கேல் எட்வர்ட்ஸ், இங்கிலாந்தின் செல்டன்ஹாம் ஊர்க்காரர். முதலில் மலைச்சரிவில் ஸ்கி ஓட்டியவர். 1984 ஒலிம்பிக் அணியில் இடம் கிடைக்கவில்லை. பயிற்சிக்காக அமெரிக்காவின் லேக் பிளாசிட் போனார். காசு கரைந்தது. ஸ்கி ஜம்பிங்குக்குச் செலவு குறைவு. பிரிட்டனில் அதற்குப் போட்டியாளும் இல்லை. அதனால் அதற்கு மாறினார். அங்கே அவருக்குச் சொல்லிக்கொடுத்தவர்கள் இரண்டு பேர்: சக் பெர்கார்ன், ஜான் விஸ்காம். பெர்கார்ன் தன் பூட்ஸையே கொடுத்தார். அது பெரிது. எடி ஆறு ஜோடி காலுறைகளை ஒன்றன்மேல் ஒன்றாகப் போட்டு அதற்குள் காலைத் திணித்துக்கொண்டார்.

இதைப் படித்ததும் நிறுத்திவிட்டேன். மணிக்கு 80 கிலோமீட்டருக்கும் மேலான வேகத்தில் சரிந்து வந்து, விளிம்பில் எம்பி, காற்றில் படுத்தபடி போகிற விளையாட்டு இது. கணுக்காலின் சின்ன அசைவும் பூட்ஸ் வழியாகத்தான் ஸ்கிக்குப் போய்ச் சேரும். உள்ளே கால் ஆடினால் மேலே உடம்பே ஆடும். போதாததற்குக் கண்ணாடியில் ஆவி படியும். எடியின் எடை 82 கிலோ. அவருக்கு அடுத்த கனமான வீரரைவிட 9 கிலோ கூடுதல். இத்தனையோடும் அவர் மேடேறினார்.

உதவிகள் தொடர்ந்தன. இத்தாலியர்கள் ஹெல்மெட் கொடுத்தார்கள், ஆஸ்திரியர்கள் ஸ்கி கொடுத்தார்கள். ஒலிம்பிக்குக்குத் தேர்வான செய்தி வந்தபோது அவர் பின்லாந்தில் ஒரு மனநல மருத்துவமனையில் இருந்தார். நோயாளியாக அல்ல, வாடகை குறைவு என்று தங்கியிருந்தார்.

கால்கரியில் 70 மீட்டர் மேட்டில் தங்கம் வென்ற பின்லாந்தின் மாட்டி நிக்கானனுக்கு 229.1 புள்ளிகள். கடைசிக்கு முந்தியவருக்கு 140.4. கடைசியாக வந்த எடிக்கு 69.2. 90 மீட்டரிலும் கடைசி இடம்தான். ஆனாலும் கூட்டம் அவர் பெயரைச் சொல்லியே ஆர்ப்பரித்தது. நிறைவு விழா மேடையில் ஏற்பாட்டுக் குழுத் தலைவர் ஃபிராங்க் கிங் கழுகாகப் பறந்தவர்களைப் பற்றிப் பேசியபோது, யாரைச் சொல்கிறார் என்பது அரங்கத்துக்கே தெரிந்திருந்தது. 1990-ல் ஒலிம்பிக் கமிட்டி தகுதி விதியை இறுக்கியது. அதன்பின் எடியால் ஒலிம்பிக்குக்குத் திரும்பவே முடியவில்லை.

பலர் ஆளுக்குக் கொஞ்சமாகச் செய்ததை எல்லாம் திரட்டி, படம் பியரி என்ற ஒரே மனிதரிடம் கொடுத்துவிட்டது. இரண்டு மணி நேரக் கதைக்கு அது வசதி. எனக்கு இந்தச் சில்லறை உதவிகள்தான் பெரிதாகப் படுகின்றன. முழு வாழ்க்கையையும் தோளில் சுமக்கிற குரு லட்சத்தில் ஒருவருக்கு வாய்க்கலாம். ஒரு ஜோடி பூட்ஸை இரவல் கொடுப்பது நம் எல்லோராலும் ஆகிற காரியம்.

மறுநாள் நண்பனிடம் சொன்னேன். கோச் இல்லை என்றதும் முகம் சுண்டியவன், பூட்ஸ் கதைக்கு வந்ததும் நிமிர்ந்து உட்கார்ந்தான்.

"எங்கப்பா கையில மொதமொதல்ல கரணையைக் குடுத்தது யாருன்னு நான் கேட்டதே இல்லடா" என்றான்.

அன்று மாலையே ஊருக்குப் போன் போட்டான்.