ஒட்டாமல் வைப்பது

நான் முதன்முதலில் சேர்த்த ஐம்பது ஸ்டாம்புகளை ராமபாணப் பூச்சி தின்றது. அப்போது எனக்குப் பத்து வயது. கோடு போட்ட நோட்டும் பழைய சோற்றுப் பருக்கையும் கட்டை விரலும்தான் என் கருவிகள். அழுத்தித் தேய்த்து ஒட்டினால் காலத்துக்கும் நிற்கும் என்று நம்பியிருந்தேன். இன்றைய தருமபுரி மாவட்டத்து எங்கள் ஊரான கம்பைநல்லூரில் சரியான முறையைச் சொல்லித்தர எனக்கு ஆள் கிடைக்கவில்லை. ராமபாணத்துக்குக் கஞ்சிப் பசை என்றால் விருந்து. மழைக்காலம் முடிந்து பரணிலிருந்து நோட்டை இறக்கினேன். 1957இல் வந்த இந்திய வரைபட ஸ்டாம்புகளில் தெற்கு மூலையையே காணோம். மிச்சமிருந்தவற்றைப் பிரிக்கப் பார்த்தால் முதுகுத்தோல் நோட்டோடு நின்றுவிட்டது.

அன்றிலிருந்து அறுபத்தைந்து ஆண்டுகளாகச் சேர்க்கிறேன். என்ன ஸ்டாம்பு வைத்திருக்கிறீர்கள் என்று கேட்கிறவர்கள் உண்டு. எப்படி வைத்திருக்கிறீர்கள் என்று கேட்டவள் என் பேத்தி மட்டும்தான். அவளுக்குச் சொன்னதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

ஹிஞ்ச் என்பது கட்டைவிரல் நகம் அளவுள்ள மெல்லிய காகிதம். ஒரு பக்கம் லேசான கோந்து இருக்கும். மூன்றில் ஒரு பங்கை மடித்து, ஸ்டாம்பின் முதுகில் மேல் ஓரப் பல் வரிசைக்குச் சற்றுக் கீழே வைத்து, மீதியை ஆல்பத் தாளில் ஒட்ட வேண்டும். நுனி நாக்கு ஈரம் போதும். எடுக்க வேண்டுமென்றால் நன்றாகக் காய்ந்த பிறகு எடுங்கள். ஈரத்தோடு இழுத்தால் ஸ்டாம்பின் தோலும் சேர்ந்து வரும். முத்திரை விழுந்து, தண்ணீரில் ஊறி, கோந்து போன ஸ்டாம்புக்கு ஹிஞ்ச் போதும்.

புது ஸ்டாம்புக்கு அது கூடாது. கோந்தில் ஒரு வடு விழுந்துவிடும், பிறகு போகாது. அந்தக் காலத்துச் சேகரிப்பாளர்கள் இதைப் பெரிதாக நினைக்கவில்லை. இன்றோ வடு இல்லாத முதுகுக்குத் தனி விலை. அதனாலேயே பழைய ஸ்டாம்புக்குப் புதுக் கோந்து தடவி விற்கும் ஏமாற்றும் நடக்கிறது. விலை கொடுத்து வாங்குகிறவர்கள் முகத்தைப் பார்க்கும் முன் முதுகைத் திருப்பிப் பாருங்கள்.

புது ஸ்டாம்புக்கு மவுண்ட். பின்னால் கறுப்பு, முன்னால் கண்ணாடி போன்ற மெல்லிய தாள், நடுவில் ஸ்டாம்பு. கோந்து மவுண்டின் முதுகில்தான் இருக்கிறது, ஸ்டாம்பின் மேல் எதுவும் ஒட்டுவதில்லை. அடிப்பக்கம் மட்டும் மூடி மேலே திறந்திருப்பது ஒரு வகை. மேலும் கீழும் மூடி முதுகில் கீறல் விட்டிருப்பது இன்னொன்று. முதல் வகையில் எடுப்பது சுலபம், இரண்டாவதில் பிடிமானம் அதிகம். எனக்கு முதல் வகைதான் பிடிக்கும். ஸ்டாம்பைவிட ஒரு மில்லிமீட்டர், ஒன்றரை மில்லிமீட்டர் கூடுதலாக விட்டு வெட்ட வேண்டும். இறுக்கினால் பல் மடங்கும். மவுண்டை முழுக்க நனைக்காதீர்கள். மேல் விளிம்பில் ஒரு கோடு ஈரம் போதும். அதிகமானால் தண்ணீர் உள்ளே இறங்கி, எந்தக் கோந்தைக் காக்க நினைத்தோமோ அதுவே ஒட்டிக்கொள்ளும்.

மலிவான பி.வி.சி. உறைகளை நம்பி ஒரு முறை ஒரு ஆல்பம் முழுவதையும் கெடுத்துக்கொண்டேன். பிளாஸ்டிக்கை வளையச் செய்வதற்குச் சேர்க்கும் எண்ணெய் நாள்பட வெளியே கசிந்து மையோடு உறவாடும். ஸ்டாம்பின் படம் உறையில் பதிந்திருந்தது. இதைச் சொல்லும்போது இன்றும் வயிறு எரிகிறது. உறையில் பாலியெஸ்டர் அல்லது பாலிஸ்டைரீன் என்று போட்டிருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள். செல்லோ டேப்பை ஸ்டாம்பு இருக்கும் அறையிலேயே வைக்காதீர்கள். ஆல்பத்தைப் படுக்கப் போட்டு மேலே பாரம் ஏற்றாமல், நிற்க வையுங்கள். ஐப்பசி அடைமழை முடிந்து நல்ல வெயில் வந்ததும் நிழலில் வைத்துப் பக்கம் பக்கமாகக் காற்றாட விடுங்கள். பழுப்புப் புள்ளி என்பது பூஞ்சை. ஒரு ஸ்டாம்பில் வந்தால் அதை உடனே தனியாகப் பிரித்துவிட வேண்டும்.

2006இல் நம் அஞ்சல் துறை சந்தன மணம் வீசும் ஸ்டாம்பு வெளியிட்டது, விலை 15 ரூபாய். எங்கள் பக்கத்துச் சித்தேரி மலைச் சந்தனத்தைப் பற்றிக் கேட்டு வளர்ந்தவன் எப்படி வாங்காமல் இருப்பேன்? தேய்த்தால்தான் மணம் வரும், தேய்க்கத் தேய்க்கக் குறையும். இரண்டு வாங்கினேன். ஒன்று மவுண்டில். இன்னொன்று பேத்தி தேய்ப்பதற்கு. அதில் இப்போது மணமே இல்லை. அவளுக்கு அந்த மணம் நன்றாக நினைவிருக்கிறது. எந்த ஸ்டாம்பு பத்திரமாக இருக்கிறது என்று என்னைக் கேட்டால் எனக்குச் சட்டென்று பதில் வராது.

நல்ல மவுண்டுக்கு என் இலக்கணம் ஒன்றுதான்: எப்போது வேண்டுமானாலும், நோகாமல் எடுக்க வர வேண்டும். எடுத்தால்தானே முதுகைப் பார்க்கலாம், பழைய தாளில் அசோகத் தூண் நீர்க்குறி இருக்கிறதா என்று தேடலாம். மகன் ஓசூரில் வேலை கிடைத்துப் புறப்பட்டபோது இந்த இலக்கணத்தை நான் மறந்துபோனேன். நிலம், வீடு, தாய் என்று ஒவ்வொன்றாகச் சொல்லி ஒட்டப் பார்த்தேன். போகத்தான் போனான். நான் இழுத்த இழுப்பில் கிழிந்தது சேர ஏழெட்டு வருஷம் ஆயிற்று. இப்போது மாதம் ஒரு முறை வருகிறான். போகும்போது நான் ஒன்றும் சொல்வதில்லை.

இன்னொரு தவறையும் சொல்ல வேண்டும். கோலார் தங்கவயலில் சுரங்க வேலை பார்த்த என் பெரிய மாமா அம்மாவுக்குக் கடிதம் போடுவார். கடிதம் வந்த அன்றே கவரிலிருந்து ஸ்டாம்பைக் கிழித்துக்கொண்டு ஓடுவேன். மீதிக் கவர் அடுப்புக்குப் போகும். அந்த ஸ்டாம்புகள் இன்றும் என்னிடம் இருக்கின்றன, ஒவ்வொன்றின் மேலும் கால்வாசி முத்திரையோடு. ஒன்றில் பாதித் தேதி. ஒன்றில் 'சாம்பி' வரைக்கும் ஊர்ப்பெயர். எங்கே, என்றைக்குப் போட்டார் என்பதெல்லாம் அடுப்பில் எரிந்தது.

அம்மா காலமான பிறகு அவருடைய டிரங்குப் பெட்டியில், புடவை மடிப்புக்குள் ஒரு கவர் இருந்தது. என் கண்ணில் படாமல் வைத்த ஒரே கவர். 1960 செப்டம்பரில் வெளிவந்த 15 நயா பைசா பாரதி ஸ்டாம்பு, அதன்மேல் முழு வட்டமாகத் தங்கவயலின் 'சாம்பியன் ரீஃப்' முத்திரை. தருமபுரி தனி மாவட்டமாகப் பிரிந்தது 1965இல்தானே. அதனால் முகவரியின் கடைசி வரியில் மாமாவின் சாய்ந்த எழுத்தில் 'சேலம் ஜில்லா'. பாரதி ஸ்டாம்பு சந்தையில் அரிதல்ல. இந்தக் கவர் உலகத்தில் ஒன்றுதான் இருக்கிறது.

போன ஞாயிற்றுக்கிழமை அதை ஆல்பத்தில் வைத்தோம். பேத்தி அமிலமில்லாத தாளில் நான்கு முக்கோணங்கள் மடித்தாள். கோந்து முக்கோணங்களுக்கு மட்டும். கவரின் நான்கு மூலைகளையும் அவள்தான் செருகினாள், என் கை இப்போதெல்லாம் நடுங்குகிறது. செருகி முடித்ததும், "தாத்தா, உள்ளே லெட்டர் இருக்கா?" என்றாள். இருந்தது. ஒரு மூலையை மெல்ல விடுவித்து, கடிதத்தை எடுத்து, சத்தமாகப் படிக்க ஆரம்பித்தாள்.