அம்பத்தூரில் ஓர் அழுத்து யந்திரம்

சென்னையிலிருந்து அரக்கோணம் மார்க்கமாகச் செல்லும் ரயிலில் அம்பத்தூரைக் கடந்து போகாத நேயர்கள் குறைவாகவே இருப்பர். ஐம்பத்தொன்றாம் ஊர் என்பதே அம்பத்தூர் என மருவியதாக ஊரார் சொல்வர். அதை ஆராய்ச்சிக்காரர்களிடம் விட்டுவிடுவோம். 1960-களில் எழுந்த தொழிற்பேட்டையும், மேற்கே ஆவடியில் 1961-ல் நிறுவப்பெற்ற கனரக வாகனத் தொழிற்சாலையும் இப்பிரதேசத்தை இரும்பின் ராஜ்யமாக்கிவிட்டன.

நான் காணச் சென்றது அவற்றையன்று. ஒரு வீட்டின் பின்கட்டில், துணி உலர்த்தும் கொடிக்கு அப்பால், தகரக் கொட்டகையில் நிற்கும் ஓர் அழுத்து யந்திரத்தை! வீட்டுக்காரரே அறுத்து, துளையிட்டு, பற்றவைத்துச் செய்தது. சேனல் இரும்பில் இரண்டு தூண்கள், மேலே ஒரு குறுக்குச் சட்டம், நடுவே லாரிக்காரர்கள் வைத்திருக்கும் 20 டன் பாட்டில் ஜாக்கி. அவ்வளவுதான்.

இதற்கு இத்தனை பலம் எப்படி வந்தது? பிரெஞ்சு ஞானி பாஸ்கல் கண்ட தத்துவம் அது. லண்டனில் ஜோசப் பிராமா 1795-ல் அதை யந்திரமாக்கி உரிமை பெற்றார். சிறு பிஸ்டனின் விட்டம் 1 சென்டிமீட்டர், பெரியதன் விட்டம் 5 என்றால் எண்ணெயின் வழியே விசை 25 மடங்காகிறது. கைப்பிடியின் நெம்பலில் இன்னும் 15 மடங்கு. 30 கிலோ விசையுடன் அழுத்துகிறவன் 11,000 கிலோவுக்கு மேல் வாங்கிவிடுகிறான்!

"ஜாக்கி கடையில் கிடைக்கும் சார். சட்டம்தான் நம்ம பொறுப்பு" என்றார் அவர். கீழே அழுத்தும் அதே விசை மேலேயும் முட்டி, சட்டத்தைப் பிளக்கப் பார்க்கிறதல்லவா? அவருடைய முதல் யந்திரத்தின் மேற்சட்டம் வில்லாய் வளைந்து, பற்றவைப்பு வேட்டுச் சத்தத்துடன் விட்டுப்போயிற்று. அதை மூலையிலேயே வைத்திருக்கிறார். இப்போதுள்ளதில் சேனல் இரட்டை. முன்னால் ஒரு கனத்த தகடும் தொங்குகிறது. வார்ப்பிரும்பு சிதறினால் முகத்தைக் காப்பதற்கு.

அவரது வலக்கை ஆட்காட்டி விரலில் நுனியில்லை. நான் பார்த்ததை அவரும் பார்த்துவிட்டார். பதினெட்டு வயதில் வேறொரு பட்டறையில் பவர் பிரஸ் ஓட்டினாராம். அந்தப் பழைய ரகத்தில் மிதியை ஒருமுறை மிதித்தால் சக்கரம் முழுச் சுற்று முடிக்காமல் நிற்காது; தகட்டை நேராக்கக் கை போனது பாதிச் சுற்றில். முதலாளி மருந்துச் செலவைக் கொடுத்து அனுப்பிவிட்டார்.

"இது மெதுவாத்தான் போகும். ஆனா கை நின்னா இதுவும் நின்னுடும் சார்."

அதற்குள் ஒரு பையன் மோட்டார் ஒன்றைச் சுமந்து வந்தான். "அண்ணே, பேரிங் மாட்டிக்கிச்சு." அவர் தகட்டை இறக்கினார், பையனை இரண்டடி விலகி நிற்கச் சொல்லிவிட்டுக் கைப்பிடியைப் பிடித்தார். ஏழாவது அழுத்தலில் 'டக்'கென்று பேரிங் கழன்று கீழே வைத்திருந்த சாக்கில் விழுந்தது.